கப்பல் போகட்டும்

துணிப் பறவையைப் பிரித்து உதறினாள் மூத்தவள். உணவகத்து மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் அழகுக்கு நிறுத்தி வைக்கிற, கை துடைக்கும் துணி அது. நேற்று முழுக்க உட்கார்ந்து தம்பி மனைவி நாற்பது துணிகளை நாற்பது பறவைகளாக மடித்திருந்தாள். தாடையைக் கட்ட ஒரு துணி கொண்டு வா என்றதும் பதற்றத்தில் அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். இறக்கையும் அலகும் பிரிந்து வெறும் துணியானதும், அப்பாவின் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சியில் முடிச்சுப் போட்டாள் மூத்தவள். வாய் மூடிக்கொண்டது. அந்த வாய் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் மூடியிருந்து அவள் பார்த்ததே இல்லை. முடிச்சு வழுக்கியதால் இன்னொரு முறை போட்டாள்.

ஒரு வாரமாகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து, மருந்து கொடுத்து, உடம்பு துடைத்து, அதற்கெல்லாம் கூலியாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள் அவள். காலையில் காப்பியை ஆற்றி எடுத்து வருவதற்குள் ஆள் போய்விட்டார். இப்போதுதான் அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்தாள்.

"அக்கா, சத்தம் வேணாம்," என்றான் தம்பி.

அவன் அப்பாவின் பக்கமே திரும்பவில்லை. ஜன்னலோரம் நின்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரையே தூக்கி உள்ளே வைத்துக்கொள்ளலாம் போல ஒரு வெள்ளைக் கப்பல் ஆடாமல் அசையாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"இன்னிக்குக் கப்பல்," என்றான்.

"அதுக்கு?"

"அஞ்சு மணிக்குக் கிளம்பிடும். அது வரைக்கும் யாருக்கும் சொல்ல வேணாம். குடைக்காரி நாப்பது பேரைச் சாப்பிடக் கூட்டிட்டு வர்றேன்னிருக்கா. மாடியில பொணத்தை வச்சிக்கிட்டுக் கீழ எவன் சாப்பிடுவான்? அவ கோவிச்சிக்கிட்டு வேற கடைக்குப் போயிட்டான்னா இந்த சீசன் அவ்வளவுதான்."

"பொணம்ங்கிற. நம்ம அப்பாடா அது."

"அந்த அப்பாதான் அவளைப் புடிச்சதே. நாலு மாசமா அவ பின்னாடி நாயா அலைஞ்சாரு. இப்ப எழுந்து உக்காந்து பேசினாலும் இதையேதான் சொல்வாரு. இல்லைன்னு சொல்லு பாப்போம்."

இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆத்திரமெல்லாம் அதில்தான். கண் மூடி இன்னும் உடம்புச் சூடு ஆறவில்லை, அதற்குள் ஒரு மனிதர் மேல் இத்தனை எரிச்சல் வருமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. தொண்டையில் நின்றதை மாத்திரை விழுங்குவது போல விழுங்கினாள். தம்பி நிம்மதியாக மூச்சு விட்டுக் கீழே இறங்கிப் போனான்.

அப்பாவுக்குத் தெருவில் வாங்கவாங்க என்று பெயர். கப்பல் வருகிற நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வெள்ளைத் தொப்பி ஒன்று தெரு முனையில் தென்பட்டாலே எழுந்து நின்று, உலகத்தில் உள்ள அத்தனை பாஷையிலும் வாங்க வாங்க என்பார். அந்தப் பாஷைகளில் அதற்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது. அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். உள்ளே வந்தவனுக்கு வேறு என்ன பேச வேண்டியிருக்கிறது, படத்தைத் தொட்டுக் காட்டினால் போதாதா என்பார்.

ஒரு காலத்தில் அது நல்ல கடை. துறைமுகத்து மூட்டைக்காரர்களும் ஆபீஸ் குமாஸ்தாக்களும் வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பிறகு சுற்றுலாக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சுவரை இடித்து ஜன்னல் வைத்தார், நாற்காலிக்கு மெத்தை தைத்தார், விலையை மும்மடங்காக்கினார். உள்ளூர்க்காரன் எவனாவது பழைய பழக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "இது ரிசர்வ் பண்ணினது" என்று எழுப்பி விடுவார். ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவானாம், கடையைப் போட்டோ எடுத்தால் நன்றாக இருக்காதாம். எழுந்து போனவன் ரோஷக்காரன். அவன் மட்டுமல்ல, அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை.

தெரு முழுக்க அதே கதைதான். ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் செய்து, எல்லாக் கடையிலும் ஒரே சாப்பாடு, ஒரே மெத்தை, ஒரே விளக்கு. எதிர்க்கடைப் பலகையில் இருந்த மீன், அப்பா கடையில் வறுத்த மீன். அப்பா கடைப் பலகையில் இருந்த கோழி, எதிர்க்கடைக் கோழி. போட்டோ எடுத்தவன் ஒரே ஆள், இரண்டு பேரிடமும் காசு வாங்கிக்கொண்டான். அப்புறம் கப்பல்கள் வந்தன. ஊர் நெரிசல் தாங்காமல், வாரக்கணக்கில் தங்கி நிதானமாகச் சாப்பிட்டவர்கள் வேறு ஊரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கப்பல் ஆட்களோ காலையில் இறங்கி, கோட்டைச் சுவரைப் பார்த்து, காந்தம் ஒட்டிய பொம்மை வாங்கி, சாயந்திரத்துக்குள் ஏறிவிடுகிறவர்கள். அந்தக் கப்பலுக்குள் விடிய விடியத் திறந்திருக்கிற ஏழு சாப்பாட்டு அறைகள் இருக்கின்றன. டிக்கெட்டிலேயே எல்லாம் அடக்கம்.

அவள் கணக்கு டீச்சர். இதை அப்பாவிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "அங்க சும்மா கிடைக்கிறதை விட்டுட்டு இங்க வந்து எதுக்குப்பா காசு குடுத்துச் சாப்பிடுவாங்க?" என்றாள்.

"நீ புள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடு," என்றார் அப்பா. "எனக்குச் சொல்லாத."

அதோடு வருடத்தில் பாதிக்கு மேல் ஈ ஓட்டினார். மீதி நாளில் வாங்க வாங்க என்றார்.

அவளும் கீழே இறங்கினாள். ஆள் போதாது என்று தம்பி மனைவி கையைப் பிடித்துக்கொண்டு அழாக்குறையாகக் கேட்டதால் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். நல்ல வேலைதான். கண்ணில் தண்ணீர் வந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

வாசலில் அப்பாவின் நாற்காலி காலியாகக் கிடந்தது. தம்பிக்கு அதைத் தூக்கி உள்ளே போடத் தோன்றவில்லை. பட்டப் படிப்பு படித்தவன், அவ்வளவுதான் மூளை. கப்பல் வருகிற நாளில் வாங்கவாங்க வாசலில் இல்லை என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலோடு ஒரு முறை, கால் கட்டோடு ஒரு முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள் அவர்.

முதலில் பொம்மைக் கடைக்காரி வந்தாள். "அப்பா எறங்கலையா?"

"தூங்குறாரு," என்றான் தம்பி.

அவள் நாற்காலியைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "தூங்கட்டும், தூங்கட்டும். எழுப்பாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு பழரசக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "பெரியவரு தூங்குறாராமே? நல்லாத் தூங்கட்டும். சாயந்திரம் வந்து பாக்குறேன்." சாயந்திரம் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னான். அவனுக்குப் பின்னால் தொப்பி விற்கிறவன். அவன் கேட்கக்கூட இல்லை, தம்பியின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டான். ஒருத்தருக்கொருத்தர் கண்ணைப் பார்க்காமல் எல்லோரும் ஒரே நாடகத்தை அழகாக நடித்தார்கள். தெருவில் சாவு என்று வெளியே தெரிந்தால் மரியாதைக்காவது பாதிக் கதவு சாத்த வேண்டியிருக்கும். அந்த மரியாதை அவர்கள் யாருக்கும் கட்டுப்படியாகாது.

வெங்காயத்தை நறுக்கியபடியே அவள் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தூ என்று துப்ப வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் சாலட் இருந்ததால் துப்பவில்லை.

மதியம் அவள் மகள் போன் செய்தாள். வெளியூரில் வேலையில் இருக்கிறவள்.

"தாத்தா எப்படிம்மா இருக்காரு?"

தம்பி கையில் சூப்புக் கரண்டியோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தூங்குறாரு," என்றாள் அவள். தெருவே சொன்ன அதே சொல், அதே குரல்.

"சரி, எழுப்பாத. அம்மா, இதைக் கேளேன். எங்க மேனேஜர் இன்னிக்கு மீட்டிங்ல..." என்று ஆரம்பித்து, யாரோ நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்த கதையைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். மூத்தவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தாள்.

ஒரு வழியாகக் குடைக்காரி வந்தாள். கப்பல் கூட்டத்தை மேய்க்கிற கைடு. மழை வெயில் பார்க்காமல் ஒரு மஞ்சள் குடையை மடக்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே நடப்பவள். அவளுக்குப் பின்னால் நிஜமாகவே நாற்பது பேர் இருந்தார்கள். தம்பியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அப்பாவின் குரலிலேயே, அப்பாவின் அந்தக் குனிவோடேயே, வாங்க வாங்க என்றான். மாடியில் கிடப்பவர் தன் தொழிலை யாருக்கு விட்டுப் போயிருக்கிறார் என்பதில் இனிச் சந்தேகமில்லை.

நாற்பது பேரும் உள்ளே வந்தார்கள். முப்பத்தொன்பது பறவைகளையும் ஒரு வெற்றுத் தட்டையும் கடந்து நேராகக் கழிப்பறை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள்.

அரை மணி நேரத்துக்கு மேல் அந்த வரிசை குறையவே இல்லை. கழிப்பறைத் தொட்டிக்குத் தண்ணீர் போகிற குழாய் மாடியில் அப்பாவின் தலைமாட்டுச் சுவருக்குள் ஓடியது. ஒவ்வொருத்தர் வெளியே வரும்போதும் மேலே அது எப்படிக் குமுறும் என்று ஒரு வாரம் அங்கே படுத்தவளுக்குத் தெரியும். ஒருத்தர் தண்ணீர் பாட்டில் வாங்கினார். இரண்டு கிழவிகள் ஒரு டீயை வாங்கிப் பங்கு போட்டுக் குடித்தார்கள். ஒருவன் துணிப் பறவையைப் போட்டோ எடுத்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டு போனான்.

"கோட்டையில நேரமாயிடுச்சு," என்றாள் குடைக்காரி, சமையலறையில் நின்று தனக்கான மீனைச் சாப்பிட்டபடி. அவளுக்கு எப்போதும் சும்மாதான். "இவங்களுக்குக் கப்பல்லயே லஞ்ச் இருக்கு. அடுத்த தடவை கண்டிப்பா பாத்துக்கலாம். பெரியவர் எங்க?"

"தூங்குறாரு," என்றான் தம்பி.

"ரெஸ்ட் எடுக்கட்டும். மீனுக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்," என்று கையைத் துடைத்துக்கொண்டு குடையைத் தூக்கினாள். கூட்டம் அவள் பின்னால் போயிற்று. நாற்பது பேருக்குப் பொரித்த மீன், தட்டுத் தட்டாக மேசை மேல் கிடந்து ஆறியது. தம்பி மனைவி ஒரு தட்டை எடுத்து மூடினாள், பிறகு எதற்கு என்று திறந்தே வைத்துவிட்டாள்.

"அண்ணி, நீங்களாவது ஒரு வாய் சாப்பிடுங்க," என்றாள். மூத்தவள் தலையசைத்து மறுத்துவிட்டாள்.

அப்போதுதான் பின்கட்டு வழியாக எதிர்க்கடைக்காரர் வந்தார். முப்பது வருடமாக அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது, ஏச்சு மட்டும்தான். ஒரே சுற்றுலாக்காரனின் ஆளுக்கொரு கையைப் பிடித்து இரண்டு பேரும் இழுத்ததைச் சின்ன வயதில் அவள் பார்த்திருக்கிறாள். இன்று அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"என்னம்மா, தைரியமா இரு," என்றார் மெதுவாக. "எத்தனை மணிக்கு?"

மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. "காலையில, மாமா."

"நெனைச்சேன். நாற்காலியைப் பாத்ததுமே நெனைச்சேன்." ஒரு மீன் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "என்ன இருந்தாலும் உங்கப்பா மாதிரி ஒரு மனுசன் கிடையாதும்மா. தொழில்னா தொழில்தான். உங்கம்மா போனன்னிக்கு நாங்கதான் பாத்தோமே. பால் காய்ச்சுற நேரத்துலயே அந்தம்மா போயாச்சு. இவரு அசையணுமே! சாயந்திரம் வரைக்கும் வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னுக்கிட்டே இருந்தாரு. கண்ணு மட்டும் செவந்திருந்துச்சு. அப்புறம் எங்கண்ணன் செத்தன்னிக்கு மட்டும் சண்டையைப் பாக்காம என் வீட்டுக்கு வந்து அவரேதான் சொன்னாரு, கப்பல் போகட்டும், அப்புறம் அழுதுக்கலாம்னு. இப்ப இந்தத் தெருவுக்கே அதான் சட்டம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அம்மா சாயந்திரம்தானே போனாங்க," என்றாள்.

எதிர்க்கடைக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். "ஆமாமா, சாயந்திரம்தான். எனக்கு வயசாச்சு, எல்லாம் கலந்து போவுது," என்று தொப்பியை மாட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

கழிப்பறைக்குப் பக்கத்து நடையில் தம்பியைப் பிடித்தாள்.

"அம்மா எப்படா போனாங்க?"

"இப்ப என்னக்கா அதுக்கு?"

"எப்பன்னு கேட்டேன்."

அவன் சுவரைப் பார்த்தான். "காலையில."

"உனக்குத் தெரியுமா?"

"நான்தான் கீழ பில் போட்டுட்டிருந்தேன்." குரலைத் தாழ்த்தினான். "அக்கா, உள்ள இன்னும் ஒரு ஆள் இருக்காரு. அவரு வெளிய வரட்டும், அப்புறம் பேசலாம்."

அவனை அறைந்திருக்கலாம். அறையவில்லை. அம்மா செத்த அந்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று பள்ளியில் விளையாட்டு விழா. மதியம் டீச்சர்களுக்குக் கயிறு இழுக்கிற போட்டி வைத்தார்கள். அவள் அணி மொத்தமாக மண்ணில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாழ்க்கையில் அப்படிச் சிரித்தது இரண்டு மூன்று தடவைதான் இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா போன் செய்து, "அம்மா இப்பதான் போயிட்டா" என்றார். ஒன்பது வருடமாக, அம்மா உயிரோடு இருந்த கடைசி மதியம் என்று அந்தச் சிரிப்பைப் பத்திரமாக வைத்திருந்தாள். அம்மா அப்போது மேலே, இதே கட்டிலில், வாய் கட்டிக் கிடந்திருக்கிறாள்.

மாடிக்குப் போனாள். அப்பா அப்படியே கிடந்தார். சுவருக்குள் குழாய் குமுறி அடங்கியது.

"படுத்துக் கிட," என்றாள் அவரிடம். "இன்னும் கப்பல் போகலை."

அதைக்கூட யாருக்கும் கேட்காத குரலில்தான் சொன்னாள். அந்தக் குரலை நினைத்து அவளுக்கு அப்பாவைவிட, தம்பியைவிட, தன் மேல்தான் அருவருப்பு அதிகமாக வந்தது. ஜன்னலைத் திறந்து ஊருக்கே கேட்கிற மாதிரி ஓலமிட்டால் யார் என்ன செய்ய முடியும்? ஜன்னல் வரைக்கும் போனாள். கீழே தொப்பிக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கடைக்காரர் தன் வாசலில் நின்று வாங்க வாங்க என்றார், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கொக்கியில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு வந்து கட்டிலருகே உட்கார்ந்துகொண்டாள்.

கப்பல் மூன்று முறை ஊதியது. அது வாயை மூடிய கையோடு தெருவில் கதவுகள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்குகிற சத்தம் கேட்டது. படியில் காலடிகள். தம்பி சட்டை மாற்றிக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்து நின்றான்.

"இப்ப அழலாம்க்கா," என்றான்.

சொல்லி முடிப்பதற்குள் தம்பி மனைவி ஆரம்பித்துவிட்டாள். பாவம், அவள் அழுகை உண்மையானது, காலையிலிருந்து அடக்கி வைத்தது. பொம்மைக் கடைக்காரி வந்து சேர்ந்துகொண்டாள். பழரசக் கடைக்காரன் மூக்கை உறிஞ்சினான். எல்லாருக்கும் மேலே எதிர்க்கடைக்காரரின் குரல் ஓங்கியது. இனி யாரோடு சண்டை போடுவேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அவர் அழுத அழுகைக்குக் கப்பல் கொஞ்சம் தாமதித்திருந்தால் நல்ல கூட்டம் சேர்ந்திருக்கும். மூலையில் தம்பி ஒவ்வொரு சொந்தக்காரருக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தான். "இப்பதான் மாமா... அஞ்சு மணி சுமாருக்கு... ஆமா, தூக்கத்துலயே... கஷ்டப்படலை."

அவளுக்கு வரவில்லை. கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். காலையில் தொண்டை வரை வந்து நின்றதை எங்கேயோ தொலைத்துவிட்டிருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல இருந்தார்கள்.

அவள் போன் அடித்தது. மகள்.

"அம்மா, தாத்தா எந்திரிச்சாரா?"

"போயிட்டாருடா," என்றாள்.

அந்தப் பக்கம் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது.

"எப்பம்மா?"

தம்பி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான். எதிர்க்கடைக்காரர் அழுகையைக் குறைத்துக்கொண்டார். காலையில் என்கிற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லிவிடத்தான் மதியத்திலிருந்து அவள் காத்துக்கொண்டிருந்தாள், இவர்கள் அத்தனை பேர் மூஞ்சியிலும் அடித்த மாதிரி. நாற்காலியோடு யாரோ விழுந்த கதையைச் சொல்லி மகள் சிரித்த சிரிப்பு காதுக்குள் கேட்டது.

"இப்பதான்டா," என்றாள். "ஒரு கால்மணி நேரம் இருக்கும்."

மறுமுனையில் மகள் கதறினாள். பஸ் நிறுத்தத்தில், முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில், யாரையும் கேட்காமல், குரலைத் தாழ்த்தாமல், தாத்தா தாத்தா என்று கதறினாள். மூத்தவள் கொஞ்ச நேரம் அதைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, போனை அப்பாவின் தலையணையில், அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அறையில் மற்ற அழுகைகள் ஒவ்வொன்றாக நின்றன. எதிர்க்கடைக்காரர் நெஞ்சிலிருந்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டார். சற்றுப் பொறுத்துப் போனின் வெளிச்சம் தானாக அணைந்தது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.